விளக்கு தலை குனியட்டும்!

இருட்டைப் பார்ப்பதற்காக ஜனங்கள் ஊர் விட்டு ஊர் போகிறார்கள். ரெயில் ஏறுகிறார்கள். விமானம் ஏறுகிறார்கள். மலை ஏறுகிறார்கள். கைப்பணத்தைச் செலவு செய்கிறார்கள்.

கேட்டால் சிரிப்பு வரும். இருட்டு இலவசமாகக் கிடைக்கும் பொருள் ஆயிற்றே!

கிடைத்தது. இப்போது கிடைப்பது இல்லை.

பட்டணத்தில் மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் என்ன தெரிகிறது? சிவந்த புகை போன்ற வானம் தெரிகிறது. எண்ணினால் இருபது, முப்பது நட்சத்திரம். அவ்வளவுதான். நல்ல இருட்டில், வெறும் கண்ணுக்கு, ஒரே நேரத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் தெரிய வேண்டும். மற்றவை எங்கே போயின? எங்கும் போகவில்லை. அங்கேயேதான் இருக்கின்றன. தெரு விளக்கும், விளம்பர விளக்கும், கடை விளக்கும் அவற்றை மறைத்து விட்டன.

2016-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் உலகம் முழுவதற்கும் ஒரு கணக்கு எடுத்தார்கள். உலக மக்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல், செயற்கை வெளிச்சம் கலந்த வானத்தின் கீழ் வாழ்கிறார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல், தாம் வாழும் இடத்தில் இருந்து பால்வீதியையே பார்க்க முடியாது. அந்தக் கணக்கு அப்படிச் சொல்கிறது.

பால்வீதி என்பது என்ன? இரவு வானத்தில் ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்குப் பால் சிந்தியது போலத் தெரியும் வெள்ளைப் பட்டை. அது கோடானு கோடி நட்சத்திரங்களின் கூட்டம். பாட்டன்மார் கயிற்றுக் கட்டிலில் படுத்துக் கொண்டு அதைப் பார்த்தார்கள். பேரப் பிள்ளைகள் அதைப் படத்தில்தான் பார்க்கிறார்கள்.

ஹான்லே எங்கே இருக்கிறது?

அந்தப் பழைய வானத்தை இன்றும் வைத்திருக்கும் ஓர் ஊர் நம் நாட்டில் உண்டு. அதன் பெயர் ஹான்லே.

லடாக்கில், சீன எல்லைக்கு அருகே ஹான்லே இருக்கிறது. லே நகரில் இருந்து 250 கிலோ மீட்டருக்கு மேல் மலைப் பாதையில் போக வேண்டும். கடல் மட்டத்துக்கு மேல் 14,000 அடி உயரம். மரம் கிடையாது. மழை மிகக் குறைவு. காற்றில் ஈரம் இல்லை. சுற்றிலும் பெரிய ஊரே இல்லை. பெரிய ஊர் இல்லாததால் பெரிய வெளிச்சமும் இல்லை.

சில சிற்றூர்கள். பதினேழாம் நூற்றாண்டில் கட்டிய ஒரு புத்த மடம். ஆடும் மாடும் மேய்க்கும் மக்கள். பஷ்மினா என்னும் விலை உயர்ந்த கம்பளி இந்தப் பக்கத்து ஆடுகளில் இருந்துதான் வருகிறது.

இந்தப் பிரதேசம் சாங்தாங் வனவிலங்கு சரணாலயத்துக்குள் அடங்கியது. கியாங் என்னும் காட்டுக் கழுதை அங்கே கூட்டம் கூட்டமாக மேய்கிறது. பனிச் சிறுத்தையும், ஓநாயும் உண்டு. கோடையில் கருங்கழுத்துக் கொக்கு அங்கே வந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது.

2022-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் லடாக் நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஹான்லேயைச் சுற்றி 1,000 சதுர கிலோ மீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு, இருள் வானக் காப்பகம் ஆயிற்று. புலிக்குக் காப்பகம் உண்டு. யானைக்குக் காப்பகம் உண்டு. இருட்டுக்குக் காப்பகம் என்பது நம் நாட்டில் அதுவே முதல் முறை.

குளிர்கால இரவு

மார்கழியில் ஹான்லேயில் மாலை ஐந்தரை மணிக்குள் சூரியன் மறைந்து விடும். பிறகு குளிர் இறங்கும். சாதாரணக் குளிர் அல்ல. தண்ணீர் பனிக்கட்டி ஆகும் நிலைக்குக் கீழே இருபது டிகிரிக்கும் போகும். குடத்தில் வைத்த தண்ணீர் கல்லாகி விடும். வெறும் கையால் இரும்பைத் தொடக் கூடாது.

அந்தக் குளிரிலும் விருந்தாளிகள் வருகிறார்கள். கோடையை விடக் குறைவுதான். ஆனாலும் வருகிறார்கள். கிராமத்து வீடுகளிலேயே தங்குகிறார்கள். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சூடான வெண்ணெய்த் தேநீர் குடிக்கிறார்கள். பிறகு கம்பளி மேல் கம்பளியாகச் சுற்றிக் கொண்டு வெளியே வருகிறார்கள்.

வாசலில் தொலைநோக்கி தயாராக நிற்கிறது. பீப்பாய் போன்ற நீண்ட குழாய். அதன் அடியில் ஒரு கண்ணாடி. மோட்டாரோ, மந்திரமோ இல்லை. கையால் தள்ளினால் திரும்பும்.

முதலில் வழிகாட்டி சில கட்டளைகள் போடுகிறார். கார் விளக்கை அணைக்க வேண்டும். டார்ச் அடிக்கக் கூடாது. செல்போனைச் சட்டைப் பைக்குள் போட வேண்டும். வழி பார்க்க விளக்குத் தேவையானால், சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச் போதும்.

ஏன் இத்தனை கட்டுப்பாடு? வெளிச்சத்தில் இருந்து இருட்டுக்கு வந்தால் கண் பழகுவதற்கு இருபது, முப்பது நிமிடம் ஆகிறது. விழிக்குள் இருக்கும் ஒரு ரசாயனப் பொருள் மெல்ல மெல்லச் சேர வேண்டும். அது சேர்ந்த பிறகே மங்கலான ஒளி தெரியும். ஒரு தடவை வெள்ளை வெளிச்சம் கண்ணில் பட்டால் போயிற்று. மறுபடியும் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். சிவப்பு வெளிச்சம் மட்டும் அவ்வளவு கெடுப்பது இல்லை.

முதல் ஐந்து நிமிடத்தில் சில நூறு நட்சத்திரம். பத்து நிமிடத்தில் ஆயிரம். அரை மணியில் எண்ணவே முடியாது. தொலைநோக்கியைத் தொடாமலே பாதிக் காட்சி முடிந்து விடுகிறது.

பஞ்சாங்கத்து நட்சத்திரங்கள்

குளிர்கால வானத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. தமிழ்க் குடும்பங்களுக்குப் பெயரளவில் நன்றாகத் தெரிந்த நட்சத்திரங்கள் பல அந்தக் காலத்தில்தான் மாலையிலேயே எழுந்து விடுகின்றன.

பிள்ளை பிறந்தால் நட்சத்திரம் கேட்கிறார்கள். கல்யாணம் பேசினால் நட்சத்திரம் கேட்கிறார்கள். கோவிலில் அர்ச்சனை செய்தால் நட்சத்திரம் கேட்கிறார்கள். "ரோகிணி" என்று உடனே பதில் வருகிறது. வானத்தில் ரோகிணி எது என்று கேட்டால் பதில் வருவது இல்லை.

கார்த்திகை என்பது கொத்தாக இருக்கும் நட்சத்திரக் கூட்டம். சாதாரணக் கண்ணுக்கு ஆறு தெரியும். அதனால்தான் அறுமீன் என்று பெயர் வந்தது. தொலைநோக்கியில் பார்த்தால் ஆறு, அறுபதுக்கும் மேலே போகும்.

அதற்குக் கீழே சற்றுத் தள்ளிச் சிவப்பாக மின்னுவது ரோகிணி. அதற்கும் கீழே ஒரு பெரிய உருவம் எழும். நடுவில் மூன்று நட்சத்திரம் ஒரே வரிசையில் இருக்கும். அதை வேட்டைக்காரன் என்று மேல்நாட்டார் சொல்லுவார்கள். வேட்டைக்காரனின் தலையில் மங்கலாக இருப்பது மிருகசீரிடம். தோளில் சிவந்து தெரிவது திருவாதிரை. ஆருத்ரா தரிசனத்துக்குப் பெயர் கொடுத்த நட்சத்திரம் அதுவே.

திருவாதிரை சாதாரண நட்சத்திரம் அல்ல. சூரியனை எடுத்து விட்டு அந்த இடத்தில் அதை வைத்தால், பூமி அதன் வயிற்றுக்குள் போய்விடும். அத்தனை பெரியது. 2019-ம் ஆண்டுக் கடைசியிலும் 2020-ம் ஆண்டுத் தொடக்கத்திலும் அது திடீரென்று மங்கிற்று. உலகம் முழுவதும் வான நூல் படித்தவர்கள் பரபரப்பு அடைந்தார்கள். அது கக்கிய தூசி அதன் ஒளியை மறைத்தது என்று பிறகு தெரிந்தது. மாடியில் இருந்து பார்த்தவர்களும் அந்த மாறுதலைக் கண்டார்கள். பார்க்கத் தெரிந்தவர்கள்தான் கண்டார்கள்.

வேட்டைக்காரனின் இடுப்புக்குக் கீழே தொலைநோக்கியைத் திருப்பினால், சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் தெரியும். அது மழை மேகம் அல்ல. நட்சத்திரங்கள் பிறக்கும் இடம். அங்கிருந்து ஒளி பூமிக்கு வந்து சேர சுமார் 1,300 ஆண்டுகள் ஆகின்றன.

ஒளி ஒரு விநாடியில் சுமார் 3 லட்சம் கிலோ மீட்டர் ஓடுகிறது. அப்படி ஓடியும் ரோகிணியில் இருந்து வர 65 ஆண்டு. தாத்தா பள்ளிக்கூடம் போன காலத்தில் புறப்பட்ட ஒளியைப் பேரன் இன்று பார்க்கிறான். கார்த்திகையில் இருந்து வர சுமார் 440 ஆண்டு. அக்பர் ஆண்ட காலத்தில் புறப்பட்டது. ஆண்ட்ரோமீடா என்னும் வேறொரு நட்சத்திர மண்டலம் உண்டு. வெறும் கண்ணுக்குச் சிறு புகைத் திட்டாகத் தெரியும். அங்கிருந்து வரும் ஒளிக்கு வயது 25 லட்சம் ஆண்டு. இவ்வளவு தூரத்தை மனிதக் கண், கருவி எதுவும் இல்லாமல், பார்க்கிறது!

வடக்கே துருவ நட்சத்திரம். கன்னியாகுமரியில் அது அடிவானத்தை ஒட்டி, மரத்துக்குப் பின்னால் ஒளிந்து கொள்ளும். ஹான்லேயில் நன்றாக மேலே ஏறி நிற்கும். வடக்கே போகப் போகத் துருவ நட்சத்திரம் உயரும். பூமி உருண்டை என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

சிலர் ஏமாற்றமும் அடைகிறார்கள். படத்தில் சிவப்பும் நீலமுமாக இருந்த மேகம், நேரில் சாம்பலாக இருக்கிறதே என்று கேட்கிறார்கள். அதற்கும் வழிகாட்டி பதில் சொல்கிறார். காமிரா பல நிமிடம், பல மணி நேரம் ஒளியைச் சேர்த்து வைத்துப் படம் எடுக்கிறது. கண்ணுக்கு அந்தச் சேமிப்பு இல்லை. மங்கலான ஒளியில் நிறம் பிரித்துப் பார்க்கவும் கண்ணால் முடியாது. பொய் சொல்லி மகிழ்விப்பதை விட, உண்மையைச் சொல்லி வியக்க வைப்பது மேல்.

காட்டுகிறவர் யார்?

இந்த வழிகாட்டிகள் பட்டணத்துப் பேராசிரியர்கள் அல்ல. கிராமத்து இளைஞர்கள். அவர்களில் பலர் பெண்கள். வீட்டு வேலை, ஆட்டு மந்தை, பிள்ளை குட்டி எல்லாவற்றையும் கவனித்து விட்டு, இரவில் தொலைநோக்கியை எடுத்து வெளியே வைக்கிறவர்கள்.

இவர்களுக்குக் கற்றுக் கொடுத்தது பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிலையம். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் பயிற்சி பெற்றார்கள். தொலைநோக்கிகளும் கொடுக்கப்பட்டன. எந்த மாதத்தில் எது எழும், எது மறையும், கருவியை எப்படித் துடைப்பது, எப்படித் திருப்புவது என்று படித்துக் கொண்டார்கள்.

இதில்தான் பெரிய விஷயம் இருக்கிறது. முன்பு, "வெளிச்சம் கூடாது" என்று சொன்னால் கிராமத்தார் என்ன நினைத்திருப்பார்கள்? "மலை மேல் யாரோ விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். அவர்களுக்காக நாம் இருட்டில் கிடக்க வேண்டுமா?" என்றுதான் நினைத்திருப்பார்கள். அது நியாயமான கேள்வி. இப்போது இருட்டு அவர்களுக்கே சொத்து. விருந்தாளி வந்தால் அறைக்கு வாடகை. சாப்பாட்டுக்குப் பணம். வானம் காட்டுவதற்குக் கூலி. தெருவில் ஒருவர் வெள்ளை விளக்குப் போட்டால், பக்கத்து வீட்டுப் பெண்ணே போய், அதை மூடச் சொல்லுவார்.

போலீஸ்காரர் நின்று காப்பாற்றும் பொருள் ஒரு நாள் களவு போகும். சொந்தக்காரர் காப்பாற்றும் பொருள் நிலைக்கும்.

விளக்கே வேண்டாமா?

இருட்டைக் காப்பது என்றால் விளக்கை ஒழிப்பது என்று சிலர் பயப்படுகிறார்கள். பயப்படத் தேவை இல்லை.

மின்சார விளக்கு கிராமத்துக்குச் செய்த நன்மை கொஞ்சம் அல்ல. பிள்ளைகள் இரவில் படிக்கிறார்கள். பாம்பு, தேள் பயம் குறைந்தது. பெண்கள் அச்சமின்றி நடக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நள்ளிரவிலும் பிரசவம் பார்க்க முடிகிறது. இதை யாரும் பறிக்கக் கூடாது. பறிக்கச் சொல்லவும் இல்லை.

ஹான்லேயில் என்ன செய்தார்கள்? வீட்டு ஜன்னலுக்குத் தடித்த திரை. தெரு விளக்குக்கு மூடி. வெளிச்சம் கீழே விழ வேண்டும். மேலே போகக் கூடாது. வெள்ளை விளக்குக்குப் பதில் மஞ்சள் சாயல் உள்ள விளக்கு. கார் ஓட்டுகிறவர் முன் விளக்கைத் தாழ்த்திப் போட வேண்டும்.

இதில் நஷ்டம் யாருக்கு? ஒருவருக்கும் இல்லை. மேலே போகும் வெளிச்சத்தால் யாரும் புத்தகம் படிப்பது இல்லை. யாரும் வழி பார்ப்பது இல்லை. அந்த மின்சாரத்துக்கும் பணம் கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. வானத்துக்கு வெளிச்சம் அடித்து விட்டு, மாதக் கடைசியில் பில் கட்டுவது புத்திசாலித்தனமா?

கண்ணைக் குத்தும் விளக்கு வழியைக் காட்டுவதும் இல்லை. எதிரே வரும் லாரி விளக்கைத் தாழ்த்தாவிட்டால், ரோட்டில் பள்ளம் தெரிகிறதா? தெரியாது. தெரு விளக்கும் அப்படித்தான். மூடி போட்ட விளக்கு தரையைக் காட்டும். மூடி இல்லாத விளக்கு தன்னைத்தான் காட்டும்.

வாயில்லா ஜீவன்கள்

இருட்டு மனிதனுக்கு மட்டும் உரியது அல்ல. சரணாலயத்தில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு.

காட்டில் பாதி வாழ்க்கை இரவில்தான் நடக்கிறது. ஆந்தை வேட்டையாடுவது இரவில். வௌவால் பழம் தேடுவது இரவில். பல பூக்கள் விரிவதும், விட்டில் பூச்சிகள் அவற்றைத் தேடிப் போவதும் இரவில். விளக்கு வந்தால் விட்டில் பூவை மறக்கிறது. விடிய விடிய விளக்கையே சுற்றிச் சாகிறது.

வலசை போகும் பறவைகளில் பல, இரவில் பறக்கின்றன. நட்சத்திரங்களையும் அடையாளமாகக் கொண்டு திசை பார்க்கின்றன. பெரிய நகரத்தின் வெளிச்சம் அவற்றை இழுத்துக் கொள்கிறது. கண்ணாடிக் கட்டிடத்தில் மோதி விழுகின்றன.

கடற்கரை மணலில் ஆமைக் குஞ்சு பொரித்து வெளியே வருகிறது. வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று அதன் இயற்கை அறிவு சொல்கிறது. ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளாக அது சரியாக இருந்தது. இன்று வெளிச்சமான பக்கம் கடல் அல்ல, சாலை. குஞ்சு சாலைக்கு நடந்து சாகிறது. சென்னைக் கடற்கரையில் ஆமை முட்டைகளைச் சேகரித்து, குஞ்சுகளைக் கடலில் கொண்டு போய் விடும் தொண்டர்களுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும்.

நுங்கம்பாக்கத்தில் இருந்து ஹான்லே வரை

ஹான்லேக்கும் தமிழ்நாட்டுக்கும் நேரான உறவு ஒன்று உண்டு.

சென்னையில் 1792-ம் ஆண்டு, கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் ஒரு வான ஆராய்ச்சிக் கூடம் கட்டியது. அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ம் ஆண்டில், ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். இன்றைய நுங்கம்பாக்கத்து வானத்தில் அந்தக் காரியம் நடக்குமா? நடக்காது.

பிறகு சூரியனை ஆராய்வதற்கு உயர்ந்த மலை தேவைப்பட்டது. 1899-ல் கோடைக்கானலுக்கு வேலை மாறியது. இரவு வானத்துக்கு இருட்டான இடம் தேவைப்பட்டது. வைணு பாப்பு என்னும் பெரிய விஞ்ஞானி ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கே அமைந்த 93 அங்குலத் தொலைநோக்கி 1986-ம் ஆண்டு ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது. அப்போது பாப்பு உயிரோடு இல்லை. கருவிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். காவலூரில் 1988-ல் கண்டுபிடித்த ஒரு சிறு கோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது.

காவலூரிலும் மழை மாதங்களில் மேகம் மறைத்தது. மேகமும் ஈரமும் இன்னும் குறைந்த இடம் தேடினார்கள். அப்படித் தேடிக் கண்ட இடமே ஹான்லே. 14,700 அடி உயரத்தில், 2 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி 2000-ம் ஆண்டில் முதல் முதலாக வானத்தைப் பார்த்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983-ல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. 2,000 கிலோ மீட்டருக்கும் அப்பால், பெங்களூருக்குப் பக்கத்தில் உள்ள ஹோசகோட்டையில் இருந்து கொண்டே அதைத் திருப்புகிறார்கள்.

இந்த வரலாற்றைக் கவனிக்க வேண்டும். பட்டணம், கோடைக்கானல், காவலூர், ஹான்லே. நல்ல வானத்தைத் தேடி விஞ்ஞானிகள் மேலே மேலே போனார்கள். ஹான்லேக்கு மேல் எங்கே போவது? இன்னும் ஒரு லடாக் நம்மிடம் இல்லை. அங்கேயும் வெளிச்சம் புகுந்தால், கோடிக் கணக்கில் செலவழித்து வைத்த கருவிகள் குருடாகும்.

2024-ம் ஆண்டு மே மாதத்தில் சூரியனில் பெரிய கொந்தளிப்பு ஏற்பட்டது. துருவப் பகுதியில் மட்டும் தெரியக் கூடிய வண்ண ஒளியின் சிவப்புச் சாயல், ஹான்லேயின் வடவானத்தில் தெரிந்தது. அங்கே இருந்த காமிராக்கள் அதைப் படம் பிடித்தன. ஊர் இருட்டாக இருந்ததால்தான் அந்த மெல்லிய சிவப்பு தெரிந்தது.

புலிக் காட்டில்

லடாக் போகப் பணம் வேண்டும். உடம்பில் வலு வேண்டும். அந்த உயரத்தில் காற்று மிகவும் மெல்லியது. மூச்சு வாங்கும். தலை வலிக்கும். லேயில் சில நாட்கள் தங்கி உடம்பைப் பழக்கிக் கொள்ளாமல் போவது ஆபத்து. இருதய நோய் உள்ளவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகவே கூடாது.

அப்படியானால் ஏழைப் பிள்ளைக்கு வானம் கிடையாதா?

இந்தக் கேள்விக்கு மராட்டிய மாநிலத்தில் ஒரு பதில் கிடைக்கிறது. நாகபுரிக்கு வடக்கே பெஞ்ச் புலிகள் காப்பகம் இருக்கிறது. பனி மலை அல்ல. சாதாரணக் காடு. அதன் ஓரத்தில் வாகோடா, சில்லாரி, பிபரியா, காப்பா என்று கிராமங்கள் உண்டு. அங்கே 100-க்கும் மேற்பட்ட விளக்குகளை மாற்றினார்கள். எல்லாம் தரையைப் பார்க்கும் விளக்குகள் ஆயின. வானம் பார்ப்பதற்கென்று இடம் அமைத்து, தொலைநோக்கி வாங்கி வைத்தார்கள். 2024-ம் ஆண்டு ஜனவரியில் உலக இருள் வானச் சங்கம் அந்தக் காட்டுக்கு இருள் வானப் பூங்கா என்ற தகுதி கொடுத்தது. இந்தியாவில் அந்தத் தகுதி பெற்ற முதல் இடம் பெஞ்ச்.

பகலில் புலி பார்க்க வருகிறவர்கள், இரவில் வானம் பார்க்கிறார்கள். புலி சில நாள் தெரியாது. ஏமாற்றத்தோடு திரும்ப வேண்டும். மேகம் இல்லாத குளிர்கால இரவில் நட்சத்திரம் ஏமாற்றுவது இல்லை.

கூட்டம் கெடுத்து விடக் கூடாது

ஓர் எச்சரிக்கையும் தேவை. நல்ல இடம் என்று பேர் வந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் ஓட்டல் வரும். ஓட்டல் வந்தால் விளக்கு வரும். கடைசியில் எதைப் பார்க்க வந்தார்களோ அது காணாமல் போகும்.

சிலர் காட்டுக் கழுதையைக் காரில் துரத்துகிறார்கள். புல்வெளியில் வண்டி ஓட்டுகிறார்கள். பிளாஸ்டிக் பையும், பாட்டிலும் போட்டு விட்டுப் போகிறார்கள். மலைக் குளிரில் குப்பை மக்காது. பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். மிச்சச் சோறு தின்று பெருகும் தெரு நாய்கள், கருங்கழுத்துக் கொக்கின் முட்டையையும் குஞ்சையும் தின்கின்றன. நட்சத்திரம் பார்க்க வந்தவரால் கொக்கு அழிந்தால் அது பாவம்.

ஆகவே அளவு வேண்டும். ஒரு இரவுக்கு இத்தனை பேர், இத்தனை வண்டி என்று கணக்கு வேண்டும். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் இரவில் யாரும் திரியக் கூடாது. வெளியூர் முதலாளியின் பெரிய ஓட்டலை விட, உள்ளூர்க்காரர் வீட்டுத் திண்ணைக்கு முதலிடம் கொடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

ஒவ்வொரு மாநிலத்திலும் காடு உண்டு. சரணாலயம் உண்டு. குளிர்காலம் உண்டு. அமாவாசை மாதம் தவறாமல் வருகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

காட்டு இலாகா ஒவ்வொரு சரணாலயத்தின் ஓரத்திலும், விலங்குகளுக்குத் தொந்தரவு இல்லாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். மார்கழி, தை, மாசி மாதங்களில், அமாவாசையை ஒட்டிய இரவுகளில், பொது மக்களுக்கு வானம் காட்டட்டும். காட்டுகிறவர் அந்த ஊர்ப் பையனாகவும், பெண்ணாகவும் இருக்கட்டும். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க விஞ்ஞான நிலையங்கள் இருக்கின்றன. ஹான்லேயில் செய்து காட்டியும் இருக்கின்றன.

சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு தடவை, ஒரே ஓர் இரவு போதும். பெரிய கருவி கூடத் தேவை இல்லை. ஒரு கம்பளி, ஒரு பாய், விஷயம் தெரிந்த ஓர் ஆசிரியர். மற்றதை வானம் பார்த்துக் கொள்ளும்.

நகரசபைகளும், பஞ்சாயத்துகளும் புதிதாக விளக்குப் போடும்போது மூடி போட்ட விளக்காகப் போடட்டும். எப்படியும் விளக்கு வாங்கத்தான் போகிறார்கள். நல்ல விளக்காக வாங்கினால் என்ன? கடைக்காரர்கள், கடை சாத்திய பிறகு விளம்பர விளக்கை அணைக்கட்டும். இரவு இரண்டு மணிக்கு அந்த விளம்பரத்தை யார் படிக்கிறார்கள்?

காலம் தாழ்த்தக் கூடாது. 2023-ம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி சொல்கிறது: இரவு வானத்தின் செயற்கை வெளிச்சம் ஆண்டுக்குச் சுமார் நூற்றுக்குப் பத்து வீதம் கூடி வந்திருக்கிறது. இன்று 250 நட்சத்திரம் தெரியும் ஊரில் ஒரு குழந்தை பிறந்தால், அதற்குப் பதினெட்டு வயது ஆகும்போது சுமார் 100-தான் தெரியும்.

காற்று கெட்டால் சுத்தம் செய்யப் பல ஆண்டு ஆகும். ஆறு கெட்டால் ஒரு தலைமுறை ஆகும். வானம் கெட்டால் அப்படி அல்ல. விளக்கைத் திருப்பிய அன்று இரவே வானம் கொஞ்சம் திரும்பி வரும். இவ்வளவு எளிதாகத் தீரும் கேடு வேறு ஒன்று இல்லை.

வீட்டு வாசலில் விளக்கு எரிகிறதா? எரியட்டும். அது வானத்தைப் பார்க்கிறதா, தரையைப் பார்க்கிறதா என்று ஒரு தடவை வெளியே வந்து கவனியுங்கள். வானத்தைப் பார்த்தால் ஒரு தகரத்தை வளைத்து மேலே மாட்டுங்கள். பிறகு பிள்ளைகளை மாடிக்கு அழைத்துப் போய்க் கிழக்கே காட்டுங்கள்.

விளக்கு தலை குனியட்டும். பிள்ளைகள் தலை நிமிரட்டும்.